அவர் நிரப்பிய தோட்டாக்கள்

எங்கள் வீட்டுப் பின்னறையில் வெடிமருந்து இருந்தது. மர்பி டவுனில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டில் மொத்தமே மூன்று அறை. சமையலறைக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஸ்டவ்வைப் பற்றவைப்பேன். அந்தப் பக்கம் என் கணவர் தோட்டா செய்துகொண்டிருப்பார். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் நிம்மதியாக ஒரு தீக்குச்சி கிழித்ததில்லை.

"ஏன் இப்படிப் பயந்து சாவற? டப்பாவுல இருக்கிற மருந்து தானா எழுந்து வந்து உன்னப் புடிச்சுக்குமா?" என்பார். அவர் சொன்னால் ஆயிற்றா? தீபாவளியன்று தெருப் பிள்ளைகள் ராக்கெட் விட ஆரம்பித்ததும் நான் ஒரு கோணிச் சாக்கை நனைத்து எடுத்துக்கொண்டு பின்னறை ஜன்னலடியில் போய் நிற்பேன். பட்டுப்புடவையும் ஈரச் சாக்குமாக நான் நிற்கும் கோலத்தைப் பார்த்து எதிர்வீட்டுக் கன்னடக்காரம்மா சிரிப்பாள். சிரிக்கட்டும். அவள் வீட்டில் மருந்து டப்பா இல்லை.

அவருக்குச் சர்க்கார் ஆபீஸில் வரைபடம் போடும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கிக் கிளப்பில் ரிவால்வர் சுடுவார். போட்டிக்குத் தயாராக வேண்டுமென்றால் தோட்டா தண்ணீராகச் செலவாகும். கடைத் தோட்டா சீமையிலிருந்து வருவது. இறக்குமதியை இறுக்கிப் பிடித்த பிறகு அது கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. அதனால் சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறியாமல் வீட்டுக்குக் கொண்டுவருவார். அதன் அடியில் தட்டினால் பொறி விடும் புதுக் கேப் வைத்து, மருந்து அளந்து போட்டு, தலையில் ஈயக் குண்டைச் சொருகினால் அது மறுபடியும் தோட்டா. சுதந்திரம் வந்த புதிதில் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரி, இந்த வேலைக்கான கைப்பிடி இயந்திரத்தை இவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். ஈயம் அடுகோடி ஒர்க்‌ஷாப்களிலிருந்து வரும். எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் இருந்தது. எனக்குத் தைரியம்தான் இல்லை.

அப்புறம் சர்க்கரை வியாதி அவருடைய வலது கண்ணைத் தின்றது. ஆபீஸில் அவரை வரைபலகையிலிருந்து எழுப்பிப் பழைய ஃபைல்கள் அடுக்கிய அறைக்கு மாற்றினார்கள். சுடுவதை விட்டார். வீட்டில் பேச்சையும் விட்டார். தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார், சோறு காய்ந்துபோகும். இயந்திரத்தின் மேல் ஒரு பழைய போர்வை கிடந்தது. நான் பயமில்லாமல் ஸ்டவ் பற்றவைத்த காலம் அது ஒன்றுதான். அந்த நிம்மதி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சீன யுத்தத்துக்குப் பிறகு கிளப்பில் பெண்களுக்கும் சுடக் கற்றுக்கொடுத்தார்கள். நான் போய்ச் சேர்ந்தேன். தீக்குச்சிக்குப் பயந்தவள் துப்பாக்கி தூக்கப் போகிறாள் என்று நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லாரும் கேலி செய்தார்கள். அவர் மட்டும் கேலி செய்யவில்லை. மறுநாளே போர்வையை எடுத்துவிட்டு இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டார். "நீ சுடு. நான் தோட்டா போட்டுத் தரேன். எனக்குத்தான் இன்னொரு கண்ணு இருக்குதே," என்றார். அன்றைக்குச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வேடிக்கை என்னவென்றால் எனக்குச் சுட வந்தது. வருஷக்கணக்காகக் கரும்பலகையில் கையை நீட்டி எழுதிய தோள், ஆடாமல் நின்றது. என் பெயருக்கும் லைசென்ஸ் வாங்கினோம். அவருடைய ரிவால்வர் என் கைக்கு வந்தது. ஆனாலும் விசையை அழுத்தும் பயம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அவர் போட்ட தோட்டா என்பதால் மட்டும்தான் அழுத்தினேன்.

அவர் வேலை செய்யும் முறையைச் சொல்ல வேண்டும். வரிசையாகக் குழி தோண்டிய ஒரு மரக்கட்டையில் கூடுகளை நிற்கவைப்பார். குழிக்கு ஒரு கூடு, கூட்டுக்கு ஓர் அளவு மருந்து. எல்லாவற்றிலும் போட்டு முடித்ததும் டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பார். அந்தப் பார்வையில்தான் என் உயிர் இருந்தது. ஒரு கூட்டில் தவறிப்போய் இரண்டு தரம் மருந்து விழுந்திருந்தால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும்; விரல் போகும், கண் போகும். மருந்தே விழாமல் போனால் அது இன்னும் பொல்லாதது. கேப்பின் வேகத்தில் மட்டும் குண்டு கிளம்பிக் குழாயின் நடுவில் சிக்கிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த குண்டு பின்னால் வந்து அதில் இடிக்கும், குழாய் பிளந்துவிடும். குண்டைச் சொருகி மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது.

மாநிலத்துக்காக வெளியூர் போய்ச் சுடுபவர்களைத் தேர்ந்தெடுக்கும் போட்டி ஒன்று வந்தது. முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம் அவர் பின்னறையில் மருந்து போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் மின்சார மீட்டர் பார்க்கிற ஆள் வாசலில் வந்து கூப்பிட்டான். இவர் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டு, அவனோடு கன்னடத்தில் நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். வானம் மூடிக்கொண்டு மழை வரும்போல் இருந்தது. காபி எடுத்துக்கொண்டு போன நான் அறை வாசலில் நின்றேன். அவர் கட்டையின் மேல் குனிந்திருந்தார். முகம் கூடுகளைத் தொடுகிற அளவுக்குக் கீழே இருந்தது. இடது கையில் டார்ச்.

"பேசாத. பாத்துட்டு இருக்கேன்," என்றார்.

டார்ச் எரியவில்லை.

முதலில் எனக்கு உறைக்கவில்லை. வெளிச்சம் என் பக்கம் படவில்லை போலும் என்று எட்டிப் பார்த்தேன். அவருடைய கட்டைவிரல் பொத்தானைத் தள்ளியபடி இருந்தது. கண்ணாடிக்குள் துளி வெளிச்சம் இல்லை. அவர் அந்த இருட்டு டார்ச்சை ஒவ்வொரு கூட்டின் மேலும் பிடித்து, உள்ளே பார்த்து, தலையை ஆட்டி, அடுத்ததற்குப் போனார். ஒன்றைக்கூட விடவில்லை. கடைசிக் குழி வரை வந்ததும் நிமிர்ந்து, "எல்லாம் சரியா இருக்கு," என்றார்.

என் கையிலிருந்த காபி தளும்பி விரலில் சுட்டது. அப்போது வாயைத் திறந்திருக்கலாம். அவர் ஈயக் குண்டுகளை எடுத்து வைத்து இயந்திரத்தின் கைப்பிடியை இறக்க ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு தரம் கைப்பிடி இறங்கும்போதும் ஒரு கூடு மூடிக்கொண்டது. எல்லாம் மூடி முடிகிற வரை அங்கேயே நின்றேன்.

அவர் கை கழுவப் போனதும் டார்ச்சை எடுத்துப் பார்த்தேன். செத்த பேட்டரி. தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் குலுக்கினேன். எல்லாவற்றிலும் ஏதோ அசைவது போலவும் இருந்தது, எதிலும் அசையாதது போலவும் இருந்தது. கை பழகின கை, தவறியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மீட்டர்க்காரன் வந்த ஞாபகம் உடனே வந்து அதைக் கலைத்தது. எழுந்து போனவர் திரும்பி வந்து எந்தக் குழியிலிருந்து தொடங்கினார்?

காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்வது? அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை? ஒரு கண் போனதற்கே மனுஷன் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொன்றும் போய்விட்டது, உங்களால் இனிமேல் இதுவும் முடியாது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தோட்டாக்களை டிபன் டப்பாவில் அடுக்கி மூடினேன்.

ஞாயிறு காலை பஸ்ஸில் போனோம். என் கைப்பையில் ரிவால்வர், டிபன் டப்பாவில் தோட்டா. வழியெல்லாம் அவரையே பார்த்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஏறும்போது கால் படியைத் தடவித் தேடியது. பேப்பரைக் கொஞ்ச நாளாக என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்; கண் எரிகிறது என்பார். கூட்டத்தில் நடக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வார். ஊரார் பார்க்கிறார்களே என்று எனக்குக் கூச்சமாக இருக்கும், உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருக்கும். பிரியம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்தக் கை என் தோளில் எப்படி இறுக்கிப் பிடித்திருந்தது என்று முதல் தடவையாகக் கவனித்தேன்.

சுடும் இடம் ஓசூர் ரோட்டில் அடுகோடி தாண்டி, ஒரு பழைய கல் குவாரியை ஒட்டி இருந்தது. ரேஞ்ச் ஆபீசர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற ஆம்பூர்க்காரர். எல்லோரையும் அதட்டுவார், என்னை மட்டும் மரியாதையாக அதட்டுவார். பெண்கள் மூன்று பேர்தான், ஒவ்வொருவராகச் சுட வேண்டும். நான் கடைசி. என் கணவர் சுடுபவர்கள் நிற்கும் கோட்டுக்குப் பின்னால் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். நாங்கள் எல்லாம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டோம். அவர் வைத்துக்கொள்ளவில்லை. நான் சுடுவதை அவர் காதால்தான் பார்ப்பார்.

முதலில் நிதானமாகச் சுடும் சுற்று. ஒவ்வொரு தோட்டாவுக்கும் நான் செத்துப் பிழைத்தேன். விசையை அழுத்துவதற்கு முன்பே கண் தானாக மூடிக்கொண்டது. மூடினால் குண்டு எங்கே போகும்? குறி அட்டையின் ஓரத்தில் போய் விழுந்தது. ரேஞ்ச் ஆபீசர் எண்களைப் படித்ததைக் கேட்டுவிட்டு என் கணவர் தண்ணீர் பாட்டிலோடு தடவித் தடவி எழுந்து வந்தார்.

"ஏன் குறி தப்புது?"

"ஒண்ணுமில்லீங்க."

"பயப்படாம சுடு. தோட்டா நான் போட்டது. ஒவ்வொண்ணா பாத்துப் பாத்துப் போட்டது," என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது. தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனேன்.

அடுத்தது வேகச் சுற்று. விசில் ஊதியதும் ஐந்து குண்டையும் மளமளவென்று சுட்டுவிட வேண்டும். யோசிக்க நேரமில்லை, அது ஒரு வகையில் நல்லது என்று நினைத்தேன். விசில் ஊதியது. ஒன்று சுட்டேன். இரண்டு. மூன்றாவதை அழுத்தினேன்; ஏதோ சத்தம் வந்தது, துப்பாக்கி லேசாகத்தான் உதைத்தது. பஞ்சு வைத்த காதுக்கு அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை. பழக்கத்தில் விரல் அடுத்ததற்கு அழுத்த ஆரம்பித்துவிட்டது.

"சுடாத!"

என் கணவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. பஞ்சைத் துளைத்துக்கொண்டு வந்தது. விரல் பாதியில் நின்றது. தோட்டாவைத் தட்டும் ரிவால்வரின் சுத்தி பின்னால் எழும்பி நின்றது. விடவும் பயம், பிடித்துக்கொண்டு நிற்கவும் பயம். ரேஞ்ச் ஆபீசர் ஓடிவந்து என் கைமேல் தன் கையை வைத்து, குழாயைத் தரைப் பக்கமாகப் பிடித்து, மெல்ல என் விரல்களைப் பிரித்துத் துப்பாக்கியை வாங்கினார். தோட்டாச் சக்கரத்தைத் திறந்து காலி செய்தார். சுத்தம் செய்கிற கம்பியைக் குழாயின் வாயில் விட்டார்.

"என்னா ஆச்சு? கம்பி உள்ள போச்சா?" என்று பெஞ்சிலிருந்து அவர் கேட்டார்.

ரேஞ்ச் ஆபீசர் என்னைப் பார்த்தார்.

"பாதியிலயே நிக்குதுங்க," என்றேன்.

என் கணவர் எழுந்து நின்றார். "அப்ப ஒண்ணுல மருந்து விழல. குழி மாறியிருந்தா இன்னொண்ணுல ரெண்டு தரம் விழுந்திருக்கும். மீதிய யாரும் தொடாதீங்க. தண்ணியில போடுங்க சார், எல்லாத்தையும்," என்றார். ரேஞ்ச் ஆபீசர், "அரே, உக்காருங்க சார், நான் பாத்துக்கறேன்," என்று சொல்லி டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார். அதில் பாதிக்கு மேல் நான் ஏற்கெனவே சுட்டாயிற்று.

போட்டி என்னை விட்டுவிட்டு நடந்தது. நான் போய் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"மீட்டர்க்காரன் வந்தப்ப எழுந்து போனேன். அங்கதான் விட்டுப்போயிருக்கு," என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஆனா டார்ச் அடிச்சுப் பாத்தேனே. ஒண்ணு விடாம பாத்தேனே."

"டார்ச் எரியலீங்க."

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. கண் என் மேல் படாமல் கொஞ்சம் தள்ளி நின்றது.

"நீ பாத்தியா?"

"காபி எடுத்துட்டு வந்து வாசப்படியிலதான் நின்னேன்."

கோட்டில் யாரோ சுட்டார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது.

"அப்ப தெரிஞ்சுதான் சுட்டியா?"

"தெரிஞ்சுதான்."

"பைத்தியமா உனக்கு? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்றதுக்குப் பயமா இருந்துச்சு," என்றேன். "சுடறது அதவிடத் தேவலாம்னு தோணுச்சு."

பெஞ்சுப் பலகையைத் தடவிக்கொண்டே வந்த அவர் கை என் வலது கையைக் கண்டுபிடித்தது. கட்டைவிரலை அடியிலிருந்து நகம் வரை தொட்டுப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். சுண்டுவிரல் வரை வந்ததும் மறுபடியும் கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தார்.