பின்பக்கம் இல்லாத கப்பல்

அன்ரன் கோலைத் தூக்கிவிட்டான். தண்ணீருக்கடியில் “வைடா அதை” என்று கத்த முடியாது என்பதுதான் எங்கள் தொழிலின் பெரிய குறை. நான் இரண்டு கையையும் ஆட்டினேன். அவனும் சந்தோஷமாகக் கையை ஆட்டிவிட்டு, கோலைக் கொதிகலனின் மற்றப் பக்கத்தில் நேராக, அழகாக வைத்தான்.

மேலதிகமாக ஒன்று

கொழும்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் பழைய நீராவிக் கப்பல்களை ஆயிரக்கணக்கில் படம் எடுப்போம். கம்பியூட்டர் அவற்றை ஒட்டி, எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கக்கூடிய ஒரு கப்பலாக்கித் தரும். நீள அகலம் சரியாக வருவதற்காகக் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கோலைக் கப்பலின் மேல் வைப்போம். படம் எடுத்து முடியும்வரை அதை அசைக்கக்கூடாது. அசைத்தால் கம்பியூட்டர் கோலை நம்பிவிட்டுக் கப்பலைச் சந்தேகிக்கும்.

கொட்டாஞ்சேனை அன்ரனுக்குத் துறைமுகத்தில் வேலை. லீவு நாட்களில் என்னோடு சுழியோட வருவான். எதுவும் ஒழுங்காக இருந்தால்தான் அவனுக்கு நிம்மதி. படங்களை ஒட்டி முடித்தபோது, ஒற்றைக் கொதிகலன் கப்பலுக்கு இரண்டு கொதிகலன் வந்திருந்தது. அன்ரன் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தான்.

“இருக்கட்டும் அக்கா. ஒண்டு ஸ்பெயர்.”

வெள்ளவத்தை வெக்கை

படங்களை ஒட்டும்போது கம்பியூட்டர் அடுப்பு மாதிரிச் சுடும். கடல் தெரியும் ஃபிளாட் என்று பெயர்தான். வீட்டிலுள்ள ஒரே நல்ல ஃபேன் அதற்குத்தான் சுழல்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: வீட்டில் இருந்தால் சும்மா இருப்பதாகத்தான் அயலட்டைக் கணக்கு. கீழ்வீட்டு அன்ரி கதைத்துக்கொண்டிருக்க வந்தவர் திரையைப் பார்த்தார். கப்பலின் முன்பக்கம் இருந்தது, நடு இருந்தது, பின்பக்கம் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை.

“மிச்சம் எங்க?”

“இன்னும் எடுக்கேல்லை அன்ரி. மீன்பிடிக்க வாற போட்டுகள் நங்கூரம் போட்டு இழுத்து இழுத்துப் பின்பக்கம் கழண்டுகொண்டு வருது. சோளகக் காற்று எழும்பிக் கடல் கலங்க முதல் எடுக்கவேணும். அடுத்த வருஷம் போகேக்க அது இருக்காது.”

அன்ரி உண்மையிலேயே கவலைப்பட்டார்.

“கப்பல் ஓடேக்கையே ஒரு படம் எடுத்திருந்தால் இவ்வளவு கரைச்சல் இல்லையே பிள்ளை.”

படங்குக்குள் ஒரு கூட்டம்

அங்கே நங்கூரம் போடவேண்டாம் என்று மீன்பிடிப்பவர்களிடம் கெஞ்சிப் பார்க்க மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போனோம். அங்கே போட் வைத்திருப்பவர்கள் செபஸ்தியான் அண்ணையின் சொல்லைக் கேட்பார்கள் என்று அன்ரன் சொல்லியிருந்தான். வெயிலில் திரை தெரியவில்லை. தார்ப்பாய்ப் படங்கு ஒன்றைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு ஐந்தாறு பேர் அதற்குள் குந்தினோம். ஓட்டையின் ஓரத்தில் கம்பிகள் வளைந்து, அவற்றின் நடுவில் ஒரு நங்கூரம் மாட்டிக் கிடந்தது. “ஒருக்கா இழுத்தால் ஒரு தகடே போயிடும்” என்றேன். எல்லோரும் திரையை நெருங்கிப் பார்த்தார்கள். என் பேச்சு வேலை செய்கிறது என்று நினைத்தேன். செபஸ்தியான் அண்ணை விரலால் திரையைத் தொட்டார்.

“இது என்ட நங்கூரம் தங்கச்சி. எப்ப எடுத்துத் தருவீங்க?”

வயது போதாது

மூழ்கிய கப்பலிலிருந்து ஆணியைக்கூட அனுமதியில்லாமல் எடுக்க முடியாது. தொல்பொருள் திணைக்களக் கந்தோருக்குப் போய், எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நங்கூரத்தைப் பற்றி விளக்கினேன். அது எந்தக் காலத்தது என்று அதிகாரி கேட்டார். போன வருஷம் என்றேன். அவர் பேனாவை மூடினார். “அப்ப அது தொல்பொருள் இல்லை மிஸ், குப்பை. எடுங்க.”

கம்பி ஒன்றும் முறியாமல் கழற்றி எடுத்துக் கரைக்குக் கொண்டுவந்தோம். செபஸ்தியான் அண்ணை அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

“முந்தி இது நீலம்.”

கலங்கல்

கடைசியாக ஒரு நாள் கிடைத்தது. காற்று மாறத் தொடங்கியிருந்தது. கப்பலுக்கு வெளியே, வெறும் மணலில், நங்கூரத்துக்குப் பதிலாக ஒரு கொங்கிரீட் கட்டையை இறக்கி, மிதவை கட்டி, எங்கள் போட்டை அதில் பிணைத்தோம். கீழே தண்ணீர் பச்சையாக இருந்தது. பின்பக்கத்தில் இரண்டு தகடுகள் புதிதாக விழுந்திருந்தன. சுக்கானும் கப்பலைத் தள்ளும் விசிறியும் இன்னும் நின்றன. அன்ரன் இரண்டு கையையும் கட்டிக்கொண்டே நீந்தினான். விழுந்தது விழுந்தபடி, நின்றது நின்றபடி, முழுவதையும் எடுத்துவிட்டோம். இவ்வளவு பாடும், கப்பல் மூழ்கினபடியே இன்னும் கொஞ்சக் காலம் கிடக்கட்டும் என்பதற்குத்தான்.

மேலே வந்து முகமூடியைக் கழற்றும்போது செபஸ்தியான் அண்ணையின் போட் வந்துகொண்டிருந்தது. எங்கள் போட்டோட்டி நிமல் எழும்பி நின்று, இன்றைக்கு மீன் படாது என்று சிங்களத்தில் சொன்னான்.

“உனக்குப் படாது” என்றார் செபஸ்தியான் அண்ணை, அதே சிங்களத்தில்.

சொல்லிக்கொண்டே இஞ்சினை நிறுத்திவிட்டு, நங்கூரத்தைத் தொடாமல், கயிற்றின் நுனியை எங்கள் பக்கம் எறிந்தார். நிமல் அதைப் பிடித்து எங்கள் போட்டில் கட்டிவிட்டு, சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தான்.