நண்டுக் கறியும் கோஷர் முத்திரையும்

எங்கள் தொழிற்சாலையில் கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் போடும் வாசனைச் சாறு செய்கிறோம். ஒஸ்லோவின் ஓரத்தில் உள்ள சின்ன இடம். பின்னேர வேலைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்து ஆட்கள். அவர்களுக்கு நான் பொறுப்பு.

ஒரு நாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். வெளிநாட்டு பிஸ்கட் கம்பனி ஒன்று எங்கள் சாற்றை வாங்கத் தயாராம். ஆனால் கோஷர் முத்திரை வேண்டுமாம். கிடைத்தால் பின்னேர வேலை தொடரும், கிடைக்காவிட்டால் மூடிவிடுவேன் என்றார். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. என் நோர்வேஜிய மொழி இன்னும் நொண்டுகிறது. என்னை வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள்?

கோஷர் என்பது யூதர்களின் உணவு விதி. பன்றி கூடாது, நண்டு இறால் கூடாது, பாலும் இறைச்சியும் சேரக் கூடாது. பிஸ்கட்டுக்கு முத்திரை வேண்டுமென்றால் அதற்குள் போகிற ஒவ்வொரு சாமானும் சரியாக இருக்க வேண்டும். அதனால்தான் எங்களிடம் கேட்டார்கள். அந்த முத்திரையை யூதர் மட்டும் பார்ப்பதில்லை. முஸ்லிம்களும் பார்க்கிறார்கள். கந்தசஷ்டி விரதத்தில் இறைச்சிக் கொழுப்புக் கலக்காத பிஸ்கட் தேடி நானே பார்த்திருக்கிறேன்.

எங்களோடு வேலை செய்யும் அண்ணை ஒருவர் இருக்கிறார். முன்பு ஒஸ்லோ நகருக்குள் குறொன்லாண்ட் பகுதியில் பலசரக்குக் கடை நடத்தியவர். இடைவேளையில் கைபேசியில் ஒரு படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தங்கச்சி, இதைப் பாருங்கோ. உது முத்திரை இல்லை, யூத வரி. நாங்கள் வாங்கிற ஒவ்வொரு பெட்டியிலயும் அவங்களுக்கு ஒரு பங்கு போகுது. உலகம் முழுக்க இப்பிடித்தான் உறிஞ்சிறாங்கள்."

"ஆர் சொன்னது?"

"வாட்ஸ்அப்பில வந்தது. படிச்ச ஆக்கள்தான் போட்டிருக்கினம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணை, எங்கட முதலாளி கன்ரீன் கோப்பியையே மலிவுச் சாமானா மாத்தின மனுசன். அவர் ஒருத்தனுக்குச் சும்மா காசு குடுப்பாரே? வந்து பாக்கிற ஆளுக்குக் கூலி குடுக்கிறார். இயற்கை முறையில விளைஞ்சது எண்டு முத்திரை குத்திறவனுக்கும் குடுக்கிறார். அதை ஒருத்தரும் வரி எண்டு சொல்லேல்லையே? பெரிய ஓடர் வருது, அதாலை குடுக்கிறார். உங்களுக்கு விளங்கேல்லையோ, விளங்க விருப்பமில்லையோ?"

"நீங்கள் வெள்ளைக்காரரை நம்புவியள்."

"உங்கட கடைக்கு ஒருத்தன் வந்து, இந்த அரிசிக் காசு உங்கட நாட்டுச் சண்டைக்குத்தானே போகுது எண்டு கேட்டானெல்லோ? அண்டைக்குக் கடையைப் பூட்டிப்போட்டு என்னட்டை வந்து அழுதது ஆர்?"

"அது வேற."

"ஓம், வேறதான். எங்கட விசயத்தில கொஞ்சமாவது உண்மை இருந்தது. இதில அதுவும் இல்லை."

அவர் எழுந்து போனார். அதன் பிறகு வேலை விசயம் தவிர என்னோடு கதைக்கவில்லை.

முத்திரை கொடுக்கும் பரிசோதகர் வருவதற்கு முதல் நாள் முழுக்கச் சாறு காய்ச்சும் தாங்கியைப் பாவிக்காமல் வைக்கச் சொல்லியிருந்தார்கள். அவர் வந்த பிறகு, கோஷர் விதிப்படி தாங்கியைச் சுத்தமாக்க, அவர் கண் முன்னால் அதில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, வழிந்தோட விட வேண்டும். நான் பயந்து பயந்து மூடியில் இருந்த ஒவ்வொரு திருகாணியையும் துடைத்தேன்.

அவர் வெளிநாட்டில் இருந்து வந்தவர். தாடி, கறுப்புத் தொப்பி, அதற்கு மேல் நாங்கள் கொடுத்த தலைமுடி வலை. கையில் ஒரு டோர்ச். முதலாளி பின்னால் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் சிரித்தால் பயம் என்று அர்த்தம். பரிசோதகர் சாமான் பைகளின் பெயர்களை வாசித்தார், கொதிகலனைப் பார்த்தார், நீராவிக் குழாயோடு நடந்தார். தாங்கிக்கு மேலே வந்ததும் டோர்ச் வெளிச்சம் நின்றது.

குழாயின் மேல் ஒரு சில்வர் சாப்பாட்டுப் பெட்டி. குழாயில் சிவப்பாகக் குழம்பு வழிந்து காய்ந்திருந்தது.

அது அண்ணையின் பெட்டி. எனக்கு மணத்திலேயே தெரிந்துவிட்டது. நண்டு.

கன்ரீன் மைக்ரோவேவில் எங்கள் சாப்பாடு வைக்க முடியாது. கடும் மணமுள்ள உணவு வேண்டாம் என்று அதன் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். நோர்வேஜியர்களின் மீன் மட்டும் மணக்காதாம். அதனால் நாங்கள் சூடான குழாயில் சுவர்ப் பக்கமாகப் பெட்டிகளை வைப்போம். அன்றைக்கு அது சுவர்ப் பக்கம் இல்லை. தாங்கிக்கு நேர் மேலே இருந்தது.

"இது என்ன?" ஆங்கிலத்தில் கேட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். அண்ணை வாளியைத் தூக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். மரக்கறி என்று சொல்லலாம். வாய் வரை வந்தது. ஆனால் அந்த மனுசன் பொய்யைப் பிடித்தால் எல்லாம் போய்விடும்.

"நண்டு," என்றேன். "எங்கட சாப்பாடு."

"ஒவ்வொரு நாளும் இங்கே வைப்பீர்களா?"

"வைப்போம். சுவர்ப் பக்கம். கன்ரீனில் சூடாக்க எங்களை விடுவதில்லை. மணக்குதாம்."

முதலாளியின் சிரிப்பு நின்றது. பரிசோதகர் ஏணியில் ஏறினார். தாங்கி மூடியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வெளிச்சம் அடித்தார். மூடியைத் திறக்கச் சொன்னார். தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். வெளியே எடுக்கவே மாட்டார் போல இருந்தது. பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இறங்கி வந்து கையைத் துடைத்தார். "மூடி பூட்டித்தான் இருந்தது. உள்ளே ஒன்றும் விழவில்லை. குழாயைக் கழுவுங்கள். இனி இந்த அறைக்குள் சாப்பாடு வரக் கூடாது." பிறகு முதலாளியிடம் திரும்பினார். "நானும் உங்கள் கன்ரீனில் சாப்பிடுவதில்லை. ஆனால் எனக்குக் காருக்குள் இருந்து சாப்பிட இடம் இருக்கிறது. இவர்கள் எங்கே சூடாக்குவார்கள்?"

முதலாளி சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

நாங்கள் தண்ணீரைக் கொதிக்க விட்டோம். வழிந்தோடும் வரை அவர் நின்று பார்த்தார்.

அவர் போனதும் அண்ணையைப் பிடித்தேன். "வேணுமெண்டே அங்கை வைச்சனீங்களோ?"

"விசரே தங்கச்சி? சுவர்ப் பக்கம் உங்கட வாளியள் கிடந்தது. எனக்கும் வேலை வேணும்." குரல் உடைந்தது. நம்பினேன். வாளிகளை அங்கே வைத்தது நான்தான்.

முத்திரை கிடைத்தது. பின்னேர வேலை இருக்கிறது. உடுப்பு மாற்றும் அறைக்குப் பக்கத்தில் எங்களுக்கென்று ஒரு மைக்ரோவேவ் வந்தது. முதல் நாள் அண்ணை நண்டைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வந்து இருந்தார்.

"உந்த யூதன் எங்களுக்காக ஏன் கதைச்சவன்? அதிலயும் ஏதோ லாபம் இருக்குது, பாருங்கோ."

"அண்ணை, உங்கட இந்த மாசச் சம்பளமும் அந்த முத்திரையாலதான் வருது. வேண்டாமெண்டா முதலாளியிட்டைத் திருப்பிக் குடுங்கோ."

சிரித்தார். நண்டுக் காலைப் பல்லால் உடைத்துச் சதையை உறிஞ்சினார். இடது கையால் கைபேசியில் எதையோ யாருக்கோ அனுப்பினார். என் கைபேசியும் மேசையில் அதிர்ந்தது. அதே யூத வரிப் படம்தான்.