இரண்டு சாஃப்ட்பாக்ஸும் ஒரு தழும்பும்

நம் போட்டோ தொழிலில் முதல் எதிரி வெயில். இரண்டாவது எதிரி, தாலி கட்டும் நேரத்தில் செல்போனோடு குறுக்கே வந்து நிற்கும் மாப்பிள்ளையின் மச்சான். மூன்றாவது எதிரி, புதிதாக விளக்கு வாங்கிய போட்டோகிராபர். முதல் இரண்டு பேரைப் பற்றி நாம் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டோம். மூன்றாவது ஆள் நான்தான் என்பதால், அந்தக் கதையை நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டைப் பார்த்தபடி எனக்கு ஒரு ஸ்டூடியோ. பதினைந்து வருஷம் கேமரா தலையிலேயே பிளாஷைச் செருகி, நேரே முகத்தில் அடித்துப் பிழைத்துவந்தேன். எல்லார் நெற்றியிலும் எண்ணெய் வழியும், எல்லார் காதுக்குப் பின்னாலும் சுவரில் ஒரு கறுப்பு நிழல் நிற்கும். யாரும் குறை சொன்னதில்லை. நான்தான் சும்மா இருக்கமாட்டாமல், பஸ்ஸில் போகும்போதும் பந்தியில் இலைக்குக் காத்திருக்கும்போதும் வீடியோ பார்த்துப் பார்த்து, இரண்டு தனி பிளாஷும் இரண்டு சாஃப்ட்பாக்ஸும் வாங்கிவிட்டேன். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளிச்சத்தை மெத்தென்று விழவைக்கும் துணிப்பெட்டி; வெளியே கறுப்புத் துணி, முன்னால் வெள்ளைத் துணி, உள்ளே பிளாஷ். கேமரா தலையில் ஒரு சின்ன டிரிக்கர். இங்கே அழுத்தினால் அங்கே அடிக்கும், அவ்வளவுதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் என் மனைவி ரோஸ்லின், இதெல்லாம் எந்த அறையில் தூங்கும் என்று மட்டும் கேட்டாள்.

கூடாரம்

பெட்டி வந்த அன்றைக்கே முதல் கிராக்கி வந்தார். தல்லாகுளத்தில் ஏதோ ஆபீஸில் மனு கொடுக்க வேண்டும், பாஸ்போர்ட் சைஸில் நாலு போட்டோ அவசரம் என்றார். பழைய பிளாஷில் அடித்திருந்தால் மூன்று நிமிஷ வேலை. ஆனால் கைக்கு வந்த புதுச் சாமானை விட்டுவிட்டுப் பழசைத் தொட யாருக்கு மனசு வரும்? ஐந்து நிமிஷம் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு சாஃப்ட்பாக்ஸை மாட்ட ஆரம்பித்தேன்.

நாலு கம்பியையும் வளைத்து வளையத்துக்குள் சொருக வேண்டும். மூன்று கம்பி சாதுவாக உட்காரும். நாலாவதைச் சொருகும்போது முதல் கம்பி தெறித்துக்கொண்டு வெளியே வரும். இதை அனுபவிக்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஒரு தடவை தெறித்த கம்பி அவருடைய மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனது. அவரே எழுந்துவந்து துணியைப் பிடித்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் கழித்து இரண்டு பேரும் வேர்த்து நின்றபோது, மனுவை மடித்துப் பையில் வைத்தபடி சொன்னார்: "தம்பி, நான் ஒட்டுறதுக்குத்தேன் போட்டோ கேட்டேன். நீங்க கூடாரம் போட்டு முடிக்கிறதுக்குள்ள அங்க ஆபீஸச் சாத்திப்புடுவாக."

என் வாழ்நாள் சாதனை

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் முத்துக்கருப்பன், மகள் செல்வராணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பப் போட்டோ வேண்டும், தை மாதத்துக்குள் எப்படியாவது கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்றார். பெண்ணுக்கு இருபத்தொன்பது வயது; ரத்தம் பரிசோதிக்கும் லேப்பில் வேலை. சின்ன வயதில் வடிகஞ்சி கொட்டியதில் இடது கன்னத்திலிருந்து தாடை வரைக்கும் தழும்பு. பெரியவர் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மகள் உடை மாற்றப் போன நேரத்தில் தன் கன்னத்தை ஒரு தடவை தொட்டுக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு அது போதும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு சாஃப்ட்பாக்ஸையும் முகத்துக்கு நெருக்கி வைத்தேன். கீழிருந்தும் வெளிச்சம் வர அவள் மடியில் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை. வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக விழுந்தால் மேடு பள்ளம் தெரியாது என்பது நமக்குத் தெரிந்த வித்தைதானே. போதாததற்கு இரண்டு பிளாஷையும் கொஞ்சம் கூட்டியும் வைத்தேன். கம்ப்யூட்டரில் ஒரு கை கூட வைக்கவில்லை. தழும்பு போன இடம் தெரியவில்லை. பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அவர்களிடம் அனுமதி கேட்டு, கடைச் சுவரில் நடுநாயகமாக மாட்டினேன். செல்வராணி மட்டும் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்ன வார்த்தையை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்: "நல்லாத்தேன் இருக்கு. இது யாருண்ணே?"

பக்கத்து மண்டபம்

ஆனி மாதத்தில் தல்லாகுளம் பக்கம் ஒரு கல்யாணம். இரண்டு மண்டபங்களுக்கு நடுவே ஒரே சுவர். மேடைக்கு இரண்டு பக்கமும் என் சாஃப்ட்பாக்ஸுகள் நிற்கின்றன. எங்கள் வீடியோக்காரன் பாண்டி எதிரே நிற்கிறான். நான் கேமராவைத் தொடாமலே பளிச், பளிச் என்று இரண்டு விளக்கும் அடித்தன. புரோகிதர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், வயரைத் தட்டினேன், ஸ்டாண்டைத் திட்டினேன். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. கெட்டிமேளம் கொட்டியபோது பேட்டரி இரண்டும் செத்துவிட்டன. தாலி கட்டியதை மண்டபத்து டியூப் லைட்டை நம்பித்தான் எடுத்தேன். அந்த ஆல்பத்தில் மாப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை கண்ட மாதிரி இருக்கும்.

சந்தேகம் வந்து பக்கத்து மண்டபத்தில் எட்டிப் பார்த்தால், அங்கே ஒரு போட்டோகிராபர் தன் விளக்கைத் திட்டிக்கொண்டிருந்தார். அவரும் என்னைப் போல டிரிக்கரைப் பெட்டியில் வந்தபடியே, எண்ணை மாற்றாமல், முதல் சேனலில் விட்டுவிட்டார். அவர் அழுத்தினால் என் விளக்கு, நான் அழுத்தினால் அவர் விளக்கு. காலை முழுக்க இரண்டு பேரும் அடுத்தவன் கல்யாணத்துக்கு வெளிச்சம் போட்டிருக்கிறோம். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது பாண்டி ஆறுதல் சொன்னான்: "விடுங்கண்ணே, அங்கயும் நம்ம உழைச்சிருக்கோம்ல. வாங்க, அந்த வீட்டுப் பந்தியிலயும் ஒரு வாய் சாப்பிட்டு வந்துருவோம்."

அந்தப் பந்தியில்தான் முத்துக்கருப்பனைப் பார்த்தேன். செல்வராணிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். போட்டோவைப் பார்த்து எல்லாருமே சம்மதம் என்கிறார்களாம். நேரில் வந்து கேசரி சாப்பிட்டுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போகிறார்களாம். இதோடு மூன்று குடும்பம். நான் கொஞ்சம் யோசித்து, குறை எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். பின்னால் தொங்கிய நீலத்திரைதான் சரியில்லை. இந்தத் தடவை வெளியில் வைத்து எடுப்போம், வெற்றிலைப் பச்சை பின்னால் வரட்டும் என்றேன். பெரியவர் பாவம், அதையும் நம்பினார்.

ஆடிக்காற்று

கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. அது அவர்களுக்குக் கோயில் மாதிரி. இது தெரியாமல் நான் புது ஷூவோடு காலை வைக்கப் போக, பெரியவர் என் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டார். வெறுங்காலோடு, சேற்றில், தோளில் ஸ்டாண்டும் கையில் சாஃப்ட்பாக்ஸுமாக நாங்கள் போன கோலத்தை வேலைக்கு வந்த பெண்கள் கிள்ளிய வெற்றிலையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். உள்ளே அகத்தி மரங்களும் கொடியும் அடர்ந்து காற்றே இல்லை. அங்கேயே எடுத்திருக்கலாம். எனக்கோ வாய்க்கால் ஓரம்தான் அழகாகத் தெரிந்தது.

வாய்க்கால் ஓரம் வந்ததும் ஆடிக்காற்று எங்களைப் பார்த்துவிட்டது. ஒரு சாஃப்ட்பாக்ஸ் சாய்ந்தது; பிடித்துவிட்டேன். இன்னொன்றைப் பாண்டி கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். காற்று அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நாலு எட்டு போய் வாய்க்காலில் இறக்கியது. துணி கிழிந்தது, பிளாஷ் குளித்தது, பாண்டியும் குளித்தான். செல்வராணி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவள் முகத்தில் பார்த்ததே இல்லை. கழுத்தில் கேமரா தொங்கியது; சாய்ந்த சாஃப்ட்பாக்ஸை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் எடுக்க முடியவில்லை. முத்துக்கருப்பன் பாண்டிக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டுவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாக தம்பி. நீங்க என்னடான்னா பாய்மரத்தக் கட்டிக் கொண்டாந்துருக்கீக."

ஒற்றை விளக்கு

அடுத்த வாரம் செல்வராணி போட்டோ எடுக்கத் தனியாகக் கடைக்கு வந்தாள். லேப்பிலிருந்து நேரே வந்திருந்தாள். பவுடர் கூடப் போடவில்லை. ஒரு விளக்கு ரிப்பேரில் இருக்கிறது, சரியானதும் சொல்லி அனுப்புகிறேன் என்றேன். ஒன்று போதும் என்றாள். பிறகு சுவரில் இருந்த தன் படத்தைப் பார்த்துக்கொண்டே, வீட்டுக்கு வருகிறவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று சொன்னாள். செல்போனில் இருக்கும் போட்டோவைப் பார்ப்பார்களாம், அவளைப் பார்ப்பார்களாம், மறுபடி செல்போனைப் பார்ப்பார்களாம். அவள் அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டிருக்கும்போதே தழும்பிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். கடைசியாக வந்த ஒரு அம்மாள், போட்டோவில் இருக்கிற பெண்ணைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டாளாம். அதைச் சொல்லும்போதும் செல்வராணி அழவில்லை. "மறைச்சது நீங்கண்ணே. மாட்டிக்கிட்டது நானு," என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முதல் நாள் 'இது யாருண்ணே' என்று அவள் கேட்டதன் பொருள் அப்போதுதான் உறைத்தது. மூன்று குடும்பத்தின் முன்னால் அவளைப் பொய்க்காரியாக உட்கார வைத்திருக்கிறேன். அந்தப் பொய்யைச் சட்டம் போட்டு மாட்டியும் வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக ஸ்டாண்டைத் தூக்கினேன். அப்போதும் பாருங்கள், பழக்கதோஷம், என் கை விளக்கை வலப்பக்கம் கொண்டுபோய் வைத்தது. வலப்பக்கம் வைத்தால் இடது கன்னம் இருட்டுக்குள் போகும், தழும்பும் கூடவே போகும். அவளுக்கு எங்கள் வித்தையெல்லாம் தெரியாது, ஆனாலும் கண்டுபிடித்துவிட்டாள். இடது பக்கத்தைக் கைகாட்டினாள். விளக்கைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன். பாண்டி வாய்க்காலில் இறங்கியதை ஞாபகப்படுத்தினேன். சிரித்தாள், அழுத்தினேன். தழும்பு கன்னத்திலிருந்து தாடை வரைக்கும் வரிவரியாகத் தெரிந்தது. சிரிப்பும் கண்ணும் அதே அளவுக்குத் தெரிந்தன. கேமராத் திரையைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆமாண்ணே. இது நாந்தேன்."

கை எட்டாத சட்டம்

அந்தப் படம் போன பிறகு பெண் பார்க்க வருகிறவர்களின் எண்ணிக்கை குறைந்துபோனது. நிறையப் பேர் படத்தைப் பார்த்ததோடு சரி. முத்துக்கருப்பனுக்கு என் மேல் வருத்தம்தான். தை நெருங்குகிறதே என்று அவர் போனில் சொல்லும்போதெல்லாம், நல்லது செய்கிறேன் என்று மறுபடியும் கெடுத்துவிட்டோமோ என்று நினைப்பேன். கடைச் சுவரில் இருந்த பழைய படத்தையும் கழற்றவில்லை. எல்லாரும் புகழ்கிற படம், மனசு விடவில்லை. உயரத்தில் இருக்கிறது, கை எட்டவில்லை என்று ரோஸ்லினிடம் சாக்குச் சொன்னேன். மாட்டும்போது எட்டிய கைதானே என்று சொல்லிவிட்டு அவள் பேப்பர் திருத்தப் போய்விட்டாள்.

ஐப்பசியில் செக்கானூரணிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளை மருந்துக்கடை வைத்திருக்கிறார். உள்ளே வந்தவர் செல்போனை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் என்று செல்வராணி எனக்குப் போன் பண்ணிச் சொன்னாள். தையில் முகூர்த்தம் என்று முடிவானது.

கல்யாணப் போட்டோவுக்குச் சொல்லிவிட்டுப் போக மாப்பிள்ளையின் அம்மா கடைக்கு வந்தார். தேதி பேசினோம், மண்டபம் பேசினோம். போகிற நேரத்தில் சுவரில் இருந்த பெரிய படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். நல்லபடியாக முடிந்த சம்பந்தம் என் ஒரு சட்டத்தால் கெட்டுப்போகக் கூடாதே என்று, மனதுக்குள் ரோஸ்லினின் சாமியையும் என் சாமியையும் சேர்த்துக் கூப்பிட்டேன். கண்ணை இடுக்கிக்கொண்டு அந்த அம்மாள் அதையே பார்த்தார். பிறகு படியிறங்கிக்கொண்டே சொன்னார்: "யாரு பெத்த பிள்ளையோ, எங்க மருமக சாடையாத்தேன் இருக்கு. ஆனா அவ முகத்துல இருக்கிற களை இதுக்கு இல்ல தம்பி."

அவர் ஆட்டோ ஏறுவதற்குள் ஸ்டூலைப் போட்டுச் சட்டத்தைக் கழற்றிவிட்டேன். பதினைந்து வருஷம் ஒழுங்காகப் பிழைத்தவன் இரண்டு விளக்கை வாங்கித் தொழிலைக் கெடுத்து, அதில் ஒன்றை வாய்க்காலில் போட்ட பிறகுதான் ஒரு முகத்தை எடுக்கக் கற்றுக்கொண்டேன் என்பது நமக்குள்ளேயே இருக்கட்டும், ரிப்பேர் முடிந்து வந்த அந்த இரண்டாவது விளக்கிடம் கூட நான் இன்னும் சொல்லவில்லை.