மூன்று ஐஸ்கிரீம் வாளிகள்

வெர்லின் தீசன் பயப்படாத பொருள் என்று வினிபெக் நகரில் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. உறைந்த ஆற்றின்மேல் ஊரே சறுக்கி விளையாடும்போது அவள் கரையில் நின்று விரிசல் தேடுவாள். அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் பாதி வழியில் பஸ்ஸைவிட்டு இறங்கியவள். அதனாலேயே கல்லூரிப் படக்குழு அவளைப் பிலிம் கழுவும் இருட்டறைக்குப் பொறுப்பாக்கியது. தைரியசாலிகளை நம்பி ஏற்கெனவே இரண்டு சுருள்களைப் பறிகொடுத்திருந்தார்கள்.

மூன்றாவது சுருளில் இருந்தது பழைய சலவை ஆலையின் புகைபோக்கி. அன்று காலை அதை வெடிவைத்துத் தகர்த்தபோது கேமராவைப் பிடித்திருந்தவளும் வெர்லின்தான். விழுந்து முடிய எட்டு விநாடி. படம் வராவிட்டால், மறுபடி கட்டி இடித்துக் காட்ட மாநகராட்சி சம்மதிக்காது.

விளக்கை அணைத்தாயிற்று. நூறடிப் பிலிமும் டப்பாவிலிருந்து வெளியே வந்து அவள் கையில் நெளிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் உதவிக்கு நின்ற இருவரில் ஒருவனான ஓரஸ்ட் வாயைத் திறந்தான்.

"வெர்லின், ஒண்ணு சொன்னா திட்டமாட்டியே? கால்ல இடிக்குதேன்னு வாளிங்களக் கொஞ்சம் நகத்தி வெச்சேன்."

"எப்படா?"

"நீ மூணாவது தடவையா கதவச் சாத்திப் பாத்தியே, அப்போ."

"வரிசை மாறலையே?"

"மாறியிருக்காது." சற்று யோசித்தான். "மாறியிருக்கலாம்."

வாளிகள் மூன்று. ஒன்றில் படத்தைத் துலக்கும் மருந்து, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் படத்தை நிலைக்கவைக்கும் மருந்து. கடைசியில் போடவேண்டியதில் முதலில் போட்டால் படம் அழிந்து நூறடியும் வெறும் கண்ணாடிபோல் ஆகிவிடும். மூன்றும் ஒரே அளவு ஐஸ்கிரீம் வாளிகள். ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் அவளே பெயர் எழுதியிருந்தாள். கும்மிருட்டில் செய்யும் வேலைக்கு அவ்வளவு தெளிவாகப் பெயர் எழுதிய குழு வேறு இருக்க முடியாது.

"மோந்து பாரேன்டி" என்றாள் இருட்டில் பக்கத்தில் நின்ற மிரெய்.

"ரூமே நாறுது. எதன்னு மோந்து பாக்க?"

"போன் லைட்ட ஒரே ஒரு செகண்டு போட்டா..." என்றான் ஓரஸ்ட்.

"கைய ஒடிச்சிருவேன்!"

துலக்கும் மருந்து சோப்பைப் போல வழுக்கும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. கையுறையைக் கழற்றவே கூடாது என்றும் அதே புத்தகம்தான் சொல்லியிருந்தது. வெர்லின் இரண்டு ஜோடி போட்டிருந்தாள். பிலிமை மிரெயின் கையில் திணித்துவிட்டு இரண்டையும் கழற்றினாள். வெறும் விரலை வாளிக்குள் விட்டாள்.

முதல் வாளி: வழுக்கவில்லை. கால்சட்டையில் துடைத்தாள். இரண்டாவது: அதுவும் இல்லை. மூன்றாவதில் சுட்டுவிரலும் கட்டைவிரலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கின.

"இதுதான்."

"நிச்சயமா?"

"இல்ல. போடு."

ஒன்பது நிமிடம் அவள் வாய்விட்டு எண்ணினாள். மற்ற இரண்டு வாளிகளையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கலாம் என்ற ஓரஸ்டை மிரெய் காலால் எட்டி உதைத்தாள். மிச்சம் இரண்டே வாளி என்பதால் கிட்டே குனிந்து மோந்து, புளிப்பு நெடி அடித்ததைக் கடைசிக்கு ஒதுக்கினார்கள். எல்லாம் முடிந்து விளக்கைப் போட்டபோது மிரெய்தான் பிலிமைத் தூக்கிப் பிடித்தாள்.

"வந்திருக்குடி! புகைபோக்கி சாயுது. ஆனா நீ கேமராவ ஆட்டின ஆட்டத்துல ஊரே கூடச் சேர்ந்து சாயுது!"

வெர்லின் திரும்பவில்லை. குழாயடியில் நின்று, மருந்தில் விட்ட விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். படத்துக்கு ஒன்பது நிமிடம் போதுமானதாக இருந்தது; விரலுக்குப் பன்னிரண்டு நிமிடம் தேய்த்தும் போதவில்லை.