நைந்த பேக்கிங்

செஞ்சியில் நான் மெக்கானிக்காக இருந்தபோது, வேனையே வீடாக்கி ஊர் சுற்றிய வெள்ளைக்காரர் ஒருவர் சர்வீஸுக்கு வந்தார். அவர் மனைவிக்கு நிறைமாதம்.

ஆயில் மாற்றிய நான், ஆயில் கசியாமல் அடைக்கும் புதுப் பேக்கிங் இல்லாததால் நைந்த பழையதையே போட்டு எஞ்சினை மூடினேன். அவர்கள் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய பிறகுதான், வேன் நின்ற இடத்தில் ஆயில் தேங்கியிருப்பதைப் பார்த்தேன்.

பதறிப்போய், ஆயில் டின்னும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். இரண்டு மைல் தாண்டி வேன் நின்றிருந்தது. அந்தப் பெண் வயிற்றைப் பிடித்தபடி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வண்டிக்கு அடியில் படுத்து, தடித்த அட்டையில் பேக்கிங் வெட்டிப் போட்டேன். கொண்டுவந்த ஆயிலை ஊற்றிப் பார்த்தேன்; ஒழுகல் நின்றிருந்தது.

"இன்னாப்பா ஆச்சு?" என்று வழியில் வந்த விவசாயி கேட்டார்.

"ரோடு சரியில்ல, குலுங்கி லூஸாயிடுச்சு" என்றேன்.

தமிழ் தெரியாத அந்த வெள்ளைக்காரர் என் அழுக்குக் கையைப் பற்றி நன்றி சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.