வந்து சேரும் கோடு

"வடக்கு... நாப்பது டிகிரி... கெழக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே எண்களைத் தட்டும்போது நதியாவின் கழுத்தும் அந்தப் பக்கம் திரும்பும். கோடு தெற்கே இறங்கினால் முகவாய் மார்பைத் தொடும். ஆலங்காயம் ஜெராக்ஸ் கடையின் பின்பகுதியில் அவள் கணினி. நிலம் அளப்பவர்கள் கொண்டுவரும் கோணத்தையும் தூரத்தையும் ஆட்டோகேடில் ஒவ்வொன்றாகக் கொடுக்க, திரையில் எல்லை வளரும். கழுத்துப் பிடிப்பு என்று நினைத்து அவளுக்குத் தைலம் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

கடைசிக் கோட்டை இழுத்து மூட ஒரு விசை போதும். நதியா அதைத் தொடமாட்டாள். கடைசிக் கோணத்தையும் கொடுத்துவிட்டு, தொடங்கிய புள்ளிக்கே கோடு திரும்புகிறதா என்று பார்ப்பாள். "தன்னால வூடு வந்து சேரணும். நாம இஸ்துக்கினு வந்தா அது கோடா?"

மாசியில் ஜவ்வாது மலையிலிருந்து மங்கம்மாளின் நிலம் வந்தது. கணவர் போனபின் கொழுந்தன் தீர்த்தகிரியோடு பாகம் பிரித்துக்கொண்டவர். மேற்கு ஓரத்துப் புளியமரங்கள் யாருக்கு என்பதில் தகராறு. எல்லைக் கற்களுக்கு நடுவே உண்ணிச்செடி மண்டிக் கிடந்ததால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. வரைபடம் சொன்னபடி கேட்பதாக இருவரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

நதியா வரைந்தாள். மரங்கள் மங்கம்மாளின் எல்லைக்கு வெளியே விழுந்தன. கோடும் வந்து சேரவில்லை. மாட்டுவண்டி நுழையும் அளவுக்கு இடைவெளி.

அளந்த பூபாலனுக்கு அவசரம். "மூடி வுட்டுரும்மா. மலைல இதெல்லாம் வர்றதுதான்."

"இது வராதுங்க சார். இடைவெளி நேரா கெழக்கால போவுது பாருங்க. ஏதோ ஒரு கோட்டுல மேற்கு, கெழக்கா மாறியிருக்கு." மேற்கு ஓரத்துக் கோட்டைக் காட்டினாள். அது கிழக்கே சாய்ந்த தூரம் அந்த இடைவெளியில் சரிபாதி; அதே அளவு மேற்கே திருப்பினால் இடைவெளி மூடிவிடும்.

"அப்ப மாத்திப் போட்டுடேன்."

"இங்க குந்திக்கினு நான் மாத்தினா தீர்த்தகிரி அண்ணன் ஒத்துக்குவாரா? அவரு முன்னாடி அளக்கணுங்க."

பூபாலன் முனகினார். ஆனாலும் மறுநாள் காலையில் கருவியை ஜீப்பில் ஏற்றினார். நதியாவும் ஏறிக்கொண்டாள்.

மலையில் தீர்த்தகிரி, புளி உலுக்கும் நீளக் கொம்போடு தயாராக நின்றிருந்தார். "இன்னாத்துக்கு மறுபடியும்?" மங்கம்மாள் மரத்தடியை விட்டு நகரவில்லை.

செடியை வெட்டி வழி எடுத்ததும் பூபாலன் கருவியில் பார்த்தார். மறுபடி பார்த்தார். சிரித்துவிட்டார். "மேற்குதாம்மா! அன்னிக்கு நான்தான் மாத்தி எழுதிட்டேன்." தீர்த்தகிரியையும் பார்க்கச் சொன்னார். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

நதியா பாறைமேல் மடிக்கணினியை வைத்துத் தட்டினாள். மேற்குக் கோடு சாய்ந்துகொள்ள, மரங்கள் அத்தனையும் உள்ளே வந்தன. கடைசிக் கோடு தொடங்கிய புள்ளியில் போய் நின்றது. திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். விரல் நுழையக்கூட இடமில்லை.

"சேந்துடுச்சு!"

தீர்த்தகிரி கொம்பைத் தோளில் போட்டார். "மரம் உன்னுதுதான் அண்ணி. நான் வர்றேன்."

"எங்க போற? வந்தது வந்துட்ட, ஒலுக்கிக் குடுத்துட்டுப் போ. சோறு ஆக்கறேன்," என்றார் மங்கம்மாள்.

முதல் கிளை குலுங்கிப் புளி சடசடவென்று விழுந்தபோது, நதியா பாறைமேல் ஏறி நின்று, சிக்ஸர் காட்டும் நடுவரைப் போல இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தினாள்.