ஊதா மருந்து தீர்ந்த வார்டு

மணப்பாட்டுக்காரி தேவகனி 1976இல் அப்ஹாவுக்கு நர்ஸாகப் போனாள். சவூதியின் தென்மேற்கு மலைமேல் இருக்கும் சின்ன ஊர் அது. சன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும். சில நாள் குரங்கும் வரும். அந்த ஊர்ப் பெண்கள் வீட்டு உட்சுவர்களில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக முக்கோணம், கட்டம் என்று இடம் விடாமல் வரைந்து வைத்திருப்பார்கள். தேவகனியோ ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவரில் ஈ உட்கார்ந்தாலே சண்டைக்குப் போகிறவள்.

சுவர் வரைவதில் பேர்போனவள் ஜுபைதா. விருந்தறையில் மேல்வரி தீட்டும்போது முக்காலி சரிந்து காலை முறித்துக்கொண்டு வந்தாள். மாவுக்கட்டோடு இரண்டு நாள் வார்டுச் சுவரையே பார்த்துக் கிடந்தவள், மூன்றாம் நாள் தேவகனியைக் கூப்பிட்டாள். "இந்த வீட்டில் பெண்களே இல்லையா?" சாயம் வேண்டுமாம்.

"மாஃபி. கலாஸ்," இல்லை, தீர்ந்துபோச்சு என்று தனக்குத் தெரிந்த அரபியில் சொல்லிவிட்டு தேவகனி டீ குடிக்கப் போனாள். மருந்து வண்டியைக் கட்டிலருகே விட்டுப் போனதுதான் தப்பு.

அவள் திரும்பும்போது டாக்டர் சேதுராமன் ரவுண்ட்ஸ் வந்திருந்தார். மதுரைக்காரர், பதற்றக்காரர். ஜுபைதாவின் மாவுக்கட்டின்மேல் ஊதா நிறத்தைத் தூரத்திலேயே கண்டு, "ஐயையோ, கால் அழுகிருச்சு! ரம்பத்தை எடுங்க!" என்று கத்தினார். ரம்பத்தைக் கண்டு ஜுபைதா போட்ட கூச்சலில் வெளியே மேய்ந்த ஆடுகள் ஓடின.

"டாக்டர், அழுகல்லாம் இல்ல. புண்ணுக்குப் போடுத ஊதா மருந்து. செவப்பும் மஞ்சளும் அப்படித்தான். மூணு பாட்டிலும் காலி," என்றாள் தேவகனி. கோபத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் குனிந்து பார்த்தார். கணுக்காலிலிருந்து முழங்கால்வரை முக்கோணங்கள். "ஒரு கோடுகூடக் கோணலா இல்லியேம்மா!"

அன்று மாலைக்குள் பக்கத்துக் கட்டில்காரிகள் மூன்று பேர் தங்கள் கட்டுகளை ஜுபைதாவிடம் நீட்டினார்கள். கை முறிந்த போலீஸ்காரர் ஒருவர் வார்டு வாசலில் நின்று பச்சை கிடைக்குமா என்று கேட்டார். அவரை விரட்டிய தேவகனி, மறுநாள் கடைவீதியில் ஐந்து நிறம் பெயிண்ட் வாங்கி வந்தாள். "எம்மா, மருந்த மட்டும் தொடாதீய."

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். பத்து நிமிட வேலைக்கு டாக்டர் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒரு முக்கோணமும் பிளந்துவிடக் கூடாதாம். இரண்டாக வெட்டியெடுத்த மாவுக்கட்டின் ஒரு பாதியை ஜுபைதா தேவகனியின் கையிலேயே கொடுத்தாள்.

லீவில் போகும்போது தேவகனி அதைச் சேலைக்குள் சுற்றி எடுத்துப் போனாள். பம்பாய் சுங்கத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி, "யே க்யா ஹை?" என்று இந்தியில் அது என்னவென்று கேட்டார்.

"காலு," என்று தன் காலைத் தொட்டுக் காட்டினாள் தேவகனி.

அவர் பெட்டியை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.